ஈப்போவுக்கு புதுசா சாப்பிட வர்றீங்களா, முதல்ல மணியைப் பாருங்க

வேலை மாத்தலாகி மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற ஈப்போவுக்கு வர்றவங்க, பிள்ளைய காலேஜ்ல சேக்க வர்ற பெத்தவங்க, கேஎல், அதாவது கோலாலம்பூர்ல இருந்து சனி ஞாயிறுக்கு கார எடுத்துக்கிட்டு வர்றவங்க, தமிழ்நாட்டுல இருந்து மலேசியா சுத்திப் பாக்க வர்ற சொந்தக்காரங்க, யாரா இருந்தாலும் எங்கிட்ட கேக்குற முதல் கேள்வி "எந்தக் கடை நல்லாருக்கும்?"தான். நான் திருப்பிக் கேக்குறது "எத்தனை மணிக்கு போகப் போறீங்க?". ஏன்னா இந்த ஊர்ல ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்த விட்டுட்டா நாற்காலிய கவுத்து மேசை மேல போட்டு தரைய கழுவிக்கிட்டு இருப்பாங்க, இல்லன்னா கடை தொறந்திருக்கும் ஆனா நல்ல சாமான் எல்லாம் தீந்து போயிருக்கும்.

ஜொகூர்ல இருந்து என் அத்தை குடும்பம் வந்தப்ப இதான் நடந்துச்சு. அஞ்சு மணி நேரத்துக்கு மேல கார்ல உக்காந்து வந்தவங்கள நேரா ஒரு பேர் போன கடைக்கு கூட்டிட்டுப் போனேன், மதியம் 3 மணி. உள்ள ஒரு ஆன்ட்டி சோப்புத் தண்ணிய ஊத்தி தள்ளிக்கிட்டு இருந்தாங்க, "ஹாபிஸ் லா", தீந்துடுச்சுன்னு கைய விரிச்சாங்க. அத்தை மூஞ்சிய பாக்கவே முடியல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து எந்தக் கடைக்கு எப்ப போகணும்னு ஒரு பேப்பர்ல எழுதினேன், அந்தப் பேப்பரைத்தான் இப்ப விரிச்சு எழுதுறேன்.

வந்து எறங்குறது

கேஎல்ல இருந்து வர்றவங்க முடிஞ்சா ரயில்ல வாங்க. கேஎல் சென்ட்ரல்ல இருந்து ஈடிஎஸ் ரயில் சுமாரா ரெண்டரை மணி நேரம், எறங்குற இடம் பழைய டவுனுக்கு நடுவுலயே இருக்கு. அந்த ஸ்டேஷனையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, ஹப்பக்குங்கிற வெள்ளைக்காரர் வரைஞ்சு 1917ல தொறந்த கட்டடம், வெள்ளை வெளேர்னு கோபுரம் வச்சு இருக்கும், ஊர்க்காரங்க ஈப்போ தாஜ்மஹால்னு சொல்வாங்க. அங்கருந்து பத்து நிமிஷம் நடந்தா கோப்பிக் கடை. பஸ்ல வந்தா அமான்ஜெயா ஸ்டேஷன்ல எறக்கி விடுவாங்க, அது ஊருக்கு வெளிய மேரு பக்கம், டவுனுக்கு வர இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல கிராப் டாக்சி பிடிக்கணும், அதையும் நேரக் கணக்குல சேத்துக்கோங்க. கார்ல வர்றவங்க பழைய டவுன்ல பார்க்கிங் கெடைக்கணும்னா காலைல 8 மணிக்குள்ள வந்துடுங்க, லீவு நாள்ல அதுக்கும் முன்னாடி.

ஊரோட அமைப்ப மண்டையில ஏத்திக்கோங்க, அப்புறம் மேப்பே தேவைப்படாது. நடுவுல கிந்தா ஆறு ஓடுது. அதுக்கு மேற்கால பழைய டவுன், கிழக்கால புது டவுன். காலைச் சாப்பாட்டுல பாதி பழைய டவுன்ல, ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் புது டவுன்ல. பழைய டவுனுக்கு இன்னும் மேற்கால போனா புந்தோங், நம்ம ஆளுங்க நிறைய இருக்குற இடம், அதுக்கு கடைசியா வர்றேன்.

இவ்ளோ சாப்பாடு ஒரே ஊர்ல எப்படி சேந்துச்சுன்னு கேட்டா பதில் ஈயம். இந்த கிந்தா பள்ளத்தாக்குல ஈயம் கொட்டிக் கெடந்துச்சு, ஈயலம்பத்துல, அதாவது ஈயச் சுரங்கத்துல, வேலை செய்ய சீனாவுல இருந்து கான்டனீஸ்காரங்க, ஹக்காக்காரங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க, ரோடும் ரயில் பாதையும் போட, ரப்பர் தோட்டத்துல வேலை செய்ய நம்ம தாத்தா பாட்டிங்க வந்தாங்க, மலாய்க்காரங்க ஏற்கனவே ஆத்தோரத்துல இருந்தாங்க. 1985ல உலகத்துல ஈய விலை படுத்ததும் லம்பம் எல்லாம் மூடிட்டாங்க, சின்னப் பசங்க கேஎல்லுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்கு கெளம்பிட்டாங்க. ஊர் அப்படியே அமைதியாயிடுச்சு. ஆனா கடைங்க நின்னுச்சு, அப்பா செஞ்சத மகன் செஞ்சான், அதே மேசை அதே நாற்காலி. ஒரு கடையில ஒரே ஒரு சாமான மட்டும் அம்பது வருஷமா செய்றவங்கள இங்கதான் பாக்கலாம்.

கோப்பிக் கடைல உக்காறது எப்படி

இது தெரியாமத்தான் புதுசா வர்றவங்க முழிப்பாங்க. சீனக் கோப்பிக் கடைன்னா ஒரு கடை கெடையாது, ஒரு கூரைக்கு கீழ பல ஒட்டுக்கடை. தண்ணி, அதாவது கோப்பி தேத்தண்ணி மாதிரி குடிக்கிறது, கடை முதலாளியோடது, மீங்கிற நூடுல்ஸ் ஒருத்தரோடது, பொப்பியாங்கிற காய்கறி ரோல் இன்னொருத்தரோடது. முதல்ல ஒரு மேசைய புடிங்க. காலியா இல்லன்னா ஆள் இருக்குற மேசைல "போலே டுடோக்?", உக்காரலாமான்னு கேட்டுட்டு உக்காரலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. தண்ணி ஆர்டர் எடுக்க ஆள் வருவாங்க, ஆளுக்கு ஒரு தண்ணியாவது சொல்லணும், அதுதான் உக்கார்ற இடத்துக்கு வாடகை மாதிரி. அப்புறம் எந்திரிச்சுப் போய் ஒவ்வொரு ஒட்டுக்கடையிலயும் வேணுங்கிறத சொல்லி, மேசைய கைய நீட்டிக் காட்டுங்க. சாமான் வந்ததும் அந்தந்த ஆளுக்கு அப்பப்பவே காசு. அதனால 1 வெள்ளி, 5 வெள்ளி, 10 வெள்ளி நோட்டா வச்சுக்கோங்க, காலங்காத்தால 100 வெள்ளிய நீட்டினா அந்த அங்கிள் பாவம் சில்லறைக்கு எங்க போவாரு. கியூஆர் கோடு இப்ப பல கடைல இருக்கு, ஆனா அத நம்பி கைல காசில்லாம வராதீங்க.

ஒரு சின்ன வழக்கம், சீனக் கடைல பெரியவங்கள அங்கிள், ஆன்ட்டின்னு கூப்பிடுங்க, மலாய்க் கடைல அண்ணன அபாங், அக்காவ காக், மாமாக் கடைன்னு சொல்ற தமிழ் முஸ்லிம் கடைல மாமா இல்லன்னா அண்ணே. பேரு தெரியாத ஆள்கிட்ட இந்த ஒரு சொல்ல சொன்னா முகமே மாறும்.

காலைல 7 மணி: ஒயிட் கோப்பி

பழைய டவுன்ல ஜாலான் பண்டார் தீமாவுக்கு போங்க. தீமான்னா ஈயம், அந்த ரோட்டுக்கு பேரே ஈயப் பட்டணம்தான். அங்க சின் யூன் லூங், நாம் ஹியோங்னு ரெண்டு கடை எதிரெதிர்ல இருக்கு. சின் யூன் லூங் 1937ல இருந்து நடக்குது. நாம் ஹியோங் குடும்பத்துல இருந்து வந்ததுதான் நீங்க மால்ல எல்லாம் பாக்குற ஓல்ட் டவுன் ஒயிட் காப்பி கம்பெனி, 1999ல ஆரம்பிச்சது. ரெண்டு கடைல எது நல்லதுன்னு ஈப்போக்காரங்க வீட்டுக்கு வீடு சண்டை போடுவாங்க. நான் சின் யூன் லூங் பக்கம், எங்க அண்ணி அந்தப் பக்கம், கல்யாணமாகி பதினாறு வருஷமாச்சு இன்னும் முடியல.

ஒயிட் கோப்பின்னதும் வெள்ளையா வரும்னு எதிர்பாக்காதீங்க. வெள்ளைங்கிறது கொட்டைய வறுக்குற முறைய வச்சு வந்த பேரு. சாதாரண கோப்பி ஓவுக்கு, அதாவது பால் இல்லாத கருப்புக் கோப்பிக்கு, கொட்டைய சீனியும் மார்ஜரினும் போட்டு கரியாகுற வரைக்கும் வறுப்பாங்க, அதான் அந்த கருப்பும் கசப்பும். ஒயிட் கோப்பிக்கு சீனி போடாம மார்ஜரின் மட்டும் போட்டு வறுப்பாங்க, கொட்டை கருகாது, நிறம் கம்மியா வாசம் தூக்கலா இருக்கும். அத துணிப் பையில வடிச்சு, கட்டிப் பால் ஊத்தி, மேல நொரையோட ஒரு சின்னக் கோப்பையில தருவாங்க. முதல் வாய கலக்காம குடிங்க, கசப்பும் வாசமும் தனியா தெரியும், அப்புறம் அடியில இருக்குற பால கலக்குங்க.

சீனி கம்மியா வேணும்னா "குராங் மானிஸ்", ஐஸ் போட்டது வேணும்னா "ஐஸ்" இல்லன்னா "பெங்", பாலே வேணாம்னா "ஓ", பாலும் வேணாம் சீனியும் வேணாம்னா "ஓ கோசோங்". கோப்பியும் தேத்தண்ணியும் சேத்து கலக்கினது "சாம்", அத ஒரு நாள் குடிச்சுப் பாருங்க, எனக்கு சாயங்காலத்துல அதுதான் புடிக்கும். கூட காயாங்கிற தேங்காய்ப் பால் முட்டை ஜாம் தடவின ரொட்டி பாக்கார், அதாவது சுட்ட ரொட்டி, அரை வேக்காட்டு முட்டை ரெண்டு. முட்டைய ஒடச்சு சின்ன மங்குல ஊத்தி, கொஞ்சம் கிச்சாப்ங்கிற சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள் போட்டு, ரொட்டிய அதுல தொட்டு சாப்பிடணும். நம்ம வீட்டுப் பாட்டிங்க கூட இத அப்படித்தான் பசியாறுனாங்க.

இங்கயே வயித்த ரொப்பிடாதீங்க. இது ஆரம்பம்தான்.

8ல இருந்து 11 வரைக்கும்

அதே ரோட்டுல தியான் சுன்னு ஒரு கடை, சுவரெல்லாம் பழைய கண்ணாடி பதிச்சிருக்கும், பக்கத்துலயே கோங் ஹெங். ரெண்டுலயும் போக வேண்டியது காய் சி ஹோர் ஃபுன்னுக்கு, பட்டையான அரிசி மீ, பிச்சுப் போட்ட கோழி, எறா, மேல எறா எண்ணெய் செவப்பா மெதக்குற சூப். ஈப்போ ஹோர் ஃபுன் ஏன் இவ்ளோ வழுவழுன்னு இருக்குன்னு கேட்டா ஊர்ல எல்லாரும் கைய நீட்டி மலைய காட்டுவாங்க. ஊரச் சுத்தி சுண்ணாம்புக்கல் மலை, அதுல இருந்து எறங்குற தண்ணிதான் மீயையும் தவ்கேங்கிற பயத்தம் மொளையையும் இப்படி ஆக்குதுன்னு பெரியவங்க சொல்வாங்க. தியான் சுன்ல கேரமல் கஸ்டர்டு ஒண்ணு சொல்லிடுங்க, அது சீக்கிரம் தீந்துடும், அதனால மீக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

டிம் சம்னா சின்னச் சின்னக் கூடைல ஆவில வேக வச்சு வர்ற சீனப் பலகாரம், அதுக்கு ஆத்தத் தாண்டி புது டவுன் ஜாலான் லியோங் சின் நாமுக்கு போகணும், ஃபோ சான்ங்கிற கடை அங்கதான். காலைச் சாப்பாடுங்கிறத மறக்காதீங்க, மதியத்துக்கு போனா ஆறிப் போன கூடைங்கதான். குடும்பத்தோட நாலஞ்சு பேரா போனா டிம் சம், தனியா ரெண்டு பேரா போனா ஹோர் ஃபுன், இதான் என் கணக்கு. ரெண்டையும் ஒரே காலைல வச்சுக்கிட்டா மதியத்துக்கு வர்றத அனுபவிக்க முடியாது.

இந்த எடத்துல பங்லிமா சந்தப் பத்தியும் சொல்லிடுறேன், எல்லாரும் போட்டோவுல பாத்துட்டு வர்ற இடம் அதுதான். போங்க, போட்டோ எடுங்க, அழகா இருக்கும். வயித்த மட்டும் மத்த இடத்துக்கு காலியா வச்சுக்கோங்க.

சைவம், மாடு, ஹலால்: போறதுக்கு முன்னாடி இத படிங்க

நம்ம வீட்டுல ஒருத்தர் சைவமா இருப்பாங்க, இன்னொருத்தர் மாட்டிறைச்சி தொட மாட்டாங்க, கூட வர்ற கூட்டாளி முஸ்லிமா இருப்பாரு. மேல சொன்ன சீனக் கடைங்கள்ல பெரும்பாலும் ஹலால் கெடையாது, மீ கோழின்னு சொன்னாலும் சூப்புல, எண்ணெயில பன்றிக் கொழுப்பு இருக்கலாம். சந்தேகம்னா "அடா மிஞ்ஞாக் பாபி?", பன்றிக் கொழுப்பு இருக்கான்னு நேரடியா கேளுங்க, சீன அங்கிள்ங்க மறைக்க மாட்டாங்க, உள்ளத சொல்லிடுவாங்க. மலாய்க் கடைல "டாகிங்"னு எழுதியிருந்தா அது பெரும்பாலும் மாடு. பேராக்குக்கே பேர் வாங்கித் தந்த ரெண்டாங் தோக் ஒண்ணு இருக்கு, தேங்காய்ப் பால் வத்தி மசாலா கருத்து உதிர்ற வரைக்கும் மணிக்கணக்கா கிண்டுறது, அது வழக்கமா மாட்டுல செய்றதுதான், கோழியில செஞ்சது இருக்கான்னு கேட்டு வாங்குங்க. தெம்போயாக்னு டுரியான புளிக்க வச்சு அதுல பாத்தின் மீன் கொழம்பு வைப்பாங்க, டுரியான் வாசம் தாங்குறவங்களுக்கு மட்டும் அத சொல்றேன், எனக்கு அதுக்கு ரெண்டு தட்டு சோறு வேணும்.

சைவக்காரங்க கவலைப்பட வேணாம். ஜாலான் லாஹாட் பக்கம் லிட்டில் இந்தியாவுல எலைச் சாப்பாடு, தோசை, இட்டிலி எல்லாம் இருக்கு. புரட்டாசியில அந்தப் பக்கம் மதியத்துல நிக்க எடம் இருக்காது. சீன சைவக் கடைங்களும் இருக்கு, கான்டனீஸ்ல "ஜாய்"னா சைவம், ஆனா அங்க கோழி மாதிரி, மீன் மாதிரியே சோயாவுல செஞ்சு வச்சிருப்பாங்க, பாட்டிய கூட்டிட்டுப் போனா முன்னாடியே சொல்லிடுங்க, எங்க பாட்டி முதல் தடவை தட்ட தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க.

11 மணி: நாசி கஞ்சா

பேரக் கேட்டு பயப்படாதீங்க, அதுல கஞ்சா ஒண்ணும் கெடையாது. ஒரு தடவை சாப்பிட்டா திரும்பத் திரும்ப கால் அங்கயே போகும்னு சனங்க வச்ச பேரு அது. சரியான பேரு நாசி கண்டார் ஆயாம் மேரா, செவப்புக் கோழி. புது டவுன்ல ஜாலான் யாங் கால்சோம், யோங் சுவான் கோப்பிக் கடை. சீனருக்கு சொந்தமான கோப்பிக் கடைக்குள்ள நம்ம தமிழ் முஸ்லிம்ங்க வழில வந்த சோறு, தண்ணி அவங்களோடது, சோறு இவங்களோடது, சாப்பிடுறவங்க எல்லா இனமும். என்னைய கேட்டா ஈப்போவ ஒரே மேசைல காட்டணும்னா இங்கதான் கூட்டிட்டுப் போவேன்.

கண்டார்னா தோள்ல வைக்கிற கம்பு. அந்தக் காலத்துல பினாங்குல தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க காவடி மாதிரி ஒரு பக்கம் சோத்துப் பானை, இன்னொரு பக்கம் கறிப் பானைய தொங்க விட்டு தூக்கிட்டுப் போய் வித்தாங்க, நாசி கண்டார்ங்கிற பேரு அதுல இருந்து வந்ததுதான்.

12ல இருந்து 2 வரைக்கும் வரிசை வெளிய நிக்கும். 11 மணிக்கு போய்டுங்க. வரிசைல நிக்கிறப்ப முன்னாடி அண்ணே கையப் பாருங்க, பாக்கவே அழகா இருக்கும். தட்டுல சோத்த தட்டி வைப்பாரு, செவப்புக் கோழிய மேல வச்சு வெட்டுவாரு, அரை உப்பு முட்டை, வெள்ளரிக்கா, பச்சையா ஒரு தேங்காச் சட்னி, அப்புறம் கரண்டிய ஒரு பானைல இருந்து இன்னொரு பானைக்கு மாத்தி மாத்தி நாலஞ்சு கொழம்ப சோத்து மேல ஊத்துவாரு. "பாஞ்சிர்"னு சொல்லுங்க, வெள்ளம்னு அர்த்தம், சோறு மெதக்குற மாதிரி ஊத்துவாங்க. கொழம்பெல்லாம் கலந்தாத்தான் இதோட ருசி, கோழிக் கொழம்பு தனியா மீன் கொழம்பு தனியான்னு பிரிச்சு வாங்காதீங்க. கையால பிசைஞ்சு, உப்பு முட்டை மஞ்சக் கருவ கொழம்புல கரைச்சு, சட்னிய ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா தொட்டுக்கணும். கரண்டில சாப்பிட்டா பாதி ருசி போயிடும்.

ரெண்டு பேரா போனா ஒரு ஆள் மேசை புடிங்க, ஒரு ஆள் வரிசைல நில்லுங்க. ஹோட்டல்ல சாப்பிட வேணும்னா தாப்பாவ், அதாவது பார்சல், பண்ணிக்கலாம், ஆனா பொட்டலத்துல கொழம்ப தனியா கட்டச் சொல்லுங்க, இல்லன்னா சோறு ஊறி கூழாகிடும்.

மதியம்: கொஞ்சம் நிறுத்துங்க

12ல இருந்து 4 வரைக்கும் வெயில் மண்டைய பொளக்கும். ஹோட்டலுக்கு போய் படுங்க, இல்லன்னா சாமி கும்பிட குனோங் சீரோவுல கல்லுமலை முருகன் கோயிலுக்கு போங்க, சுண்ணாம்பு மலை அடிவாரத்துல குகைக் கோயில், தைப்பூசத்துக்கு ஊரே அங்கதான் இருக்கும். இல்லன்னா தம்புன் ரோட்டுக்கு போங்க, ரோட்டோரம் பூரா பம்ப்ளிமாஸ் கட்டித் தொங்கவிட்டு விப்பாங்க. சீனப் பெருநாள் நேரத்துலயும், மூன் கேக் பெருநாள் வர்ற செப்டம்பர் அக்டோபர்லயும் நிறைய வரும். வாங்குறப்ப பெருசா இருக்கேன்னு பாக்காதீங்க, கைல தூக்கிப் பாத்து எது கனமோ அத எடுங்க, கனம்னா சாறு. ஒண்ண வெட்டி ருசி பாக்கத் தருவாங்க, கூச்சப்படாம கேளுங்க. மேல் தோல் கொஞ்சம் சுருங்குனது இன்னும் இனிப்பா இருக்கும், வாங்கி வீட்டுல ஒரு வாரம் வச்சு சாப்பிடுறவங்க நாங்க.

திரும்பி டவுனுக்குள்ள வர்றப்ப தௌ ஃபூ ஃபா. சோயா பால்ல செய்ற, வாய்ல வச்சா வழுக்கிட்டு போற இனிப்பு, மேல சீனிப் பாகு. ஃபன்னி மவுண்டன்னு ஒரு சின்னக் கடை, தியேட்டர் ஸ்ட்ரீட் பக்கம், கார நிறுத்தாம ஜன்னல் வழியா வாங்கிட்டுப் போற ஆளுங்கள பாக்கலாம். தீந்ததும் சாத்திடுவாங்க, அதனால சாயங்காலத்துக்குன்னு தள்ளிப் போடாதீங்க. சூடா கேளுங்க, வாங்குன எடத்துலயே சாப்பிடுங்க, காருக்குள்ள வச்சு அரை மணி நேரம் ஆக்கினா தண்ணி விட்டுடும்.

4 மணிக்கு மேல மழை வரும், பல நாள் வரும். கொடை எடுத்துக்கோங்க.

ராத்திரி: தவ்கே கோழி

இதுக்குத்தான் பாதி மலேசியா ஈப்போ வருது. ஜாலான் யாவ் தெட் ஷின், புது டவுன். யாவ் தெட் ஷின்ங்கிறவருதான் 1900களோட ஆரம்பத்துல ஆத்துக்கு இந்தப் பக்கம் புது டவுன கட்டுனாரு, அதான் ரோட்டுக்கு அந்தப் பேரு. அங்க லௌ வொங், ஓன் கீன்னு கடைங்க கிட்டக் கிட்ட, ரோட்டோரம் வரைக்கும் மேசை. 7 மணிக்கு மேல போனா பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம், புகை, தட்டு வர்ற வேகம் எல்லாம் சேந்து அதுவே ஒரு திருவிழா மாதிரி.

மூணு சாமான் வரும். கோழிய கொதிக்க விடாம சுடுதண்ணில மெதுவா வேக வச்சு வெட்டி, சோயா சாஸும் நல்லெண்ணெயும் மேல ஊத்தினது. சீன நல்லெண்ணெய் எள்ள வறுத்து எடுக்குறதுனால நம்ம நல்லெண்ணெய விட வாசம் தூக்கலா இருக்கும். அப்புறம் தவ்கே. அப்புறம் ஹோர் ஃபுன் சூப்போட இல்லன்னா சோறு. புதுசா வர்றவங்க எல்லாரும் கோழியப் பத்தியே பேசுவாங்க, நான் சொல்றேன் தவ்கேய பாருங்க. ஈப்போ தவ்கே குட்டையா குண்டா இருக்கும், மத்த ஊர் மாதிரி நூலா நீளமா இருக்காது. கொதி தண்ணில காட்டி எடுத்தது, மேல வெள்ளை மிளகுத்தூள், கடிச்சா 'மொறுக்'னு ஒடைஞ்சு தண்ணி வரும். அந்தத் தவ்கே வளக்குறதுக்கு பேர் போன இடம் நம்ம புந்தோங்தான்.

நாலு பேருக்கு அரைக் கோழி, தவ்கே ஒரு தட்டு, ஆளுக்கொரு ஹோர் ஃபுன், போதும். முழுக் கோழி சொல்லி மிச்சம் வைக்கிற ஆளுங்கள நெறையா பாத்திருக்கேன். கோழி எலும்புகிட்ட லேசா ரோஸ் நெறமா இருந்தா வேகலன்னு திருப்பி அனுப்பாதீங்க, இந்த முறைல அப்படித்தான் இருக்கும், பிள்ளைங்களுக்கு வேணாம்னு நெனச்சா நெஞ்சுக் கறிய குடுங்க.

ரெண்டாவது நாள்: புந்தோங்

ஒரு நாள் மட்டும் தங்கினா மேல சொன்னது போதும். ரெண்டாவது நாள் இருந்தா காலைல நேரா புந்தோங் வாங்க, இத டூர் பஸ்ஸுங்க காட்ட மாட்டாங்க. எங்க பாட்டி வீடு அங்கதான் இருந்துச்சு.

மலேசியா பூரா, பினாங்குல இருந்து ஜொகூர் வரைக்கும், பாசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தைல, கோயில் திருவிழாவுல, சினிமாத் தியேட்டர் வாசல்ல கச்சாங் பூத்தே வித்தாங்க. தலைல தட்ட வச்சுக்கிட்டு, பேப்பர சுருட்டி கூம்பாக்கி அதுல கடலைய அள்ளிப் போட்டுத் தர்ற ஆள எங்க அப்பா தலைமுறை எல்லாரும் ஞாபகம் வச்சிருப்பாங்க. அந்தக் கச்சாங் பூத்தேக்கு தாய்வீடு புந்தோங். தமிழ்நாட்டுல இருந்து வந்த கொஞ்சம் குடும்பங்க அங்க ஒரே எடத்துல குடியேறி இந்தத் தொழிலையே செஞ்சதுனால அந்த எடத்துக்கே கம்போங் கச்சாங் பூத்தேன்னு பேராச்சு. கச்சாங் பூத்தேன்னா வெள்ளைக் கடலை, அதாவது நம்ம கொண்டக்கடலை, ஆனா இன்னைக்கு கடைக்குள்ள போனா முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, பட்டாணி, பருப்பு, மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ்னு கண்ணாடி ஜாடிங்களும் மூட்டைங்களும் கூரை வரைக்கும் இருக்கும்.

சின்ன வயசுல பாட்டி வீட்டுப் பக்கத்துல ஒரு அக்கா முறுக்கு புழியிறத பாத்துக்கிட்டே நின்னிருக்கேன். விறகு அடுப்பு, கட்டில் அகலத்துக்கு கடாய், எண்ணெய்ல மாவு விழுந்ததும் சத்தம் பெருசா வரும், வேக வேக சத்தம் கொறைஞ்சுக்கிட்டே போகும், சத்தம் அடங்குனதும் அக்கா திரும்பிக் கூட பாக்காம ஜல்லிக் கரண்டிய விட்டு அள்ளிடுவாங்க. "காதால வேக வைக்கணும் கண்ணு"ன்னு சொல்லிட்டு ஒடைஞ்ச முறுக்கா பாத்து என் கைல வைப்பாங்க. சூடு கை மாத்தி கை மாத்தி புடிச்சு ஊதித் தின்னது இன்னும் நாக்குல இருக்கு.

கடைக்குள்ள போனதும் உடனே வாங்காதீங்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு எடுத்து வாய்ல போட்டுப் பாக்க விடுவாங்க. ஒறைப்பு, பூண்டு போட்டது, கறிவேப்பிலை போட்டதுன்னு பாத்து, புடிச்சத எடை போட்டு வாங்குங்க. "இன்னைக்கு எத போட்டீங்க அண்ணே?"ன்னு தமிழ்லயே கேளுங்க, புதுசா பொரிச்சத உள்ள இருந்து எடுத்துத் தருவாங்க. தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு வாரம் போனா பேசக் கூட அவங்களுக்கு நேரம் இருக்காது, அப்ப முன்கூட்டியே சொல்லி வைக்கிறதுதான் சரி.

இன்னும் ஒரு நாள் இருந்தா

கார் இருந்தா பக்கத்து ஊர்களுக்கு போகலாம். தெக்கால கம்பார்ல மண் சட்டிக் கோழிச் சோறும், ரொட்டிக்குள்ள கோழிக்கறி வச்சு சுடுறதும். அதையும் தாண்டி பீடோர்ல ரோட்டோரம் கொய்யா. தஞ்சோங் துவாலாங்ல பெரிய நன்னீர் எறா, பழைய ஈயலம்பக் குட்டைங்கள்ல வளக்குறது, அது கொஞ்சம் காசு ஆகும், எடை போடுறதுக்கு முன்னாடி கிலோ என்ன விலைன்னு கேட்டுடுங்க. தெலுக் இந்தான்ல 1885ல கட்டுன சாஞ்ச கோபுரம், அத சுத்தி மாமாக் ரோஜாக்ங்கிற கலவை, சீ சோங் ஃபுன்ங்கிற அரிசி மாவு ரோல். எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீங்க, ஒரு திசை ஒரு நாள்.

கட்டிக்கிட்டு போறது

ஊருக்கு திரும்புற நாள் காலைல குனோங் ராப்பாட் பக்கம் போய் ஹியோங் பியா வாங்குங்க. உருண்டையா, வெளிய பொரபொரன்னு அடுக்கடுக்கா, உள்ள சின்ன வெங்காயமும் மால்ட் பாகும் சேந்த இனிப்பு. பழைய கடைங்கள்ல சால் மாதிரி அடுப்புல உள் சுவரோட ஒட்ட வச்சு சுடுவாங்க, நம்ம தந்தூரி மாதிரி. சைவக்காரங்க இங்கயும் கொழுப்பு என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க. சூடா இருக்குறப்ப ஒண்ணு அங்கயே கடிங்க, கீழ கைய ஏந்திக்கோங்க, உதிரும். ஒயிட் கோப்பித் தூள் பாக்கெட் வாங்குறவங்க பின்னாடி திருப்பிப் படிங்க, சீனியும் பால் தூளும் கலந்த மூணு இன் ஒண்ணா, இல்ல வெறும் தூளான்னு, வீட்டுல வடிச்சு குடிக்கிறவங்களுக்கு வெறும் தூள்தான் லாயக்கு.

விமானத்துல போறவங்க பம்ப்ளிமாஸ பொட்டில போடுங்க, ஹியோங் பியாவ மட்டும் கைல வச்சுக்கோங்க, பொட்டில போட்டா வீட்டுக்கு தூள்தான் வரும். ரயில்ல போறவங்க கச்சாங் பூத்தேல ஒரு பொட்டலத்த மேலாக்க வச்சுக்கோங்க, கம்பார் தாண்டுறதுக்குள்ள யாராவது கேப்பாங்க.